சினிமா ஹெலிகாப்டரும் நிஜ ஹெலிகாப்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சண்டைப் படங்களில் ஹெலிகாப்டர் வந்தாலே இரண்டில் ஒன்று நடக்கும். கதாநாயகன் அதில் தொங்குவான், இல்லாவிட்டால் அது வெடிக்கும். இரண்டும் பொய் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரிய பொய் வேறு இடத்தில் இருக்கிறது. சினிமா எதைக் காட்டி நம்மைப் பயமுறுத்துகிறதோ, அதிலிருந்து பெரும்பாலும் தப்பிக்க வழி உண்டு. எதை விளையாட்டுபோல் காட்டுகிறதோ, அதுதான் ஆளைக் கொல்கிறது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த முரணைத்தான் சுற்றி வருகின்றன.

இன்ஜின் நின்றுபோனால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழுமா?

விழாது. இன்ஜினுக்கும் மேல் விசிறிக்கும் நடுவே ஒரு ஃப்ரீவீல் இருக்கிறது. சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் ஓடுகிறதே, அதே வேலைதான். இன்ஜின் நின்ற கணமே அது கழன்றுகொள்ளும், விசிறி தன்போக்கில் சுற்றும். பைலட் செய்ய வேண்டிய முதல் காரியம், இடது கையில் இருக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோலை அடிவரை இறக்குவது. அதனால் விசிறி இறக்கைகளின் சாய்வு குறைந்து தட்டையாகும். ஹெலிகாப்டர் கீழே இறங்க இறங்க, கீழிருந்து மேலே வரும் காற்றே விசிறியைச் சுற்ற வைக்கும். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். பயிற்சி மாணவர்கள் உரிமம் வாங்குவதற்கு முன்பே இதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுகிறார்கள்.

ராபின்சன் ஆர்22 போன்ற சின்ன ஹெலிகாப்டரில் இறக்கை இலேசானது என்பதால் சுழற்சி வேகமாக வடிந்துவிடும். நெம்புகோலை இறக்கக் கிடைப்பது சுமார் ஒன்றரை வினாடிதான். விசிறியின் வேகம் 97 சதவீதத்துக்கு வந்ததும் எச்சரிக்கை ஒலி கத்தும். 80 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டால் இறக்கைகள் காற்றைப் பிடிக்கும் தன்மையை இழந்துவிடும், அதற்குமேல் மீட்க முடியாது. நேரத்துக்கு இறக்கிவிட்டால் 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) அளவு வேகத்தில், நிமிடத்துக்கு 1,500 அடிக்கு ஒட்டிய கணக்கில் கீழே வரும். தரைக்கு 40 அடி இருக்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்ல வேண்டும். 8 அடியில் மட்டமாக்கி, விசிறியில் மிச்சமிருக்கும் சுழற்சியைச் செலவழித்து நெம்புகோலைத் தூக்கினால் மெதுவாக அமர்ந்துவிடும். இந்தக் கடைசி வாய்ப்பு ஒருமுறைதான். 20 அடியிலேயே பதறித் தூக்கிவிட்டால், மிச்சத் தூரத்தைக் கடக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

1972 ஜூன் 21 அன்று பிரெஞ்சுக்காரர் ழான் புலே, லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் ஏறி உலகச் சாதனை படைத்தார். அந்த உயரத்தில் இன்ஜின் அணைந்துவிட்டது. 12 கிலோமீட்டரையும் இன்ஜின் இல்லாமலே இறங்கி வந்து பத்திரமாகத் தரை தொட்டார். உயரத்தோடு, மிக நீண்ட ஆட்டோரொட்டேஷனும் சாதனைப் பட்டியலில் சேர்ந்தது. அந்த லாமாவைத்தான் எச்ஏஎல் நிறுவனம் 'சீட்டா' என்ற பெயரில் நம் ராணுவத்துக்காக இந்தியாவில் தயாரித்தது.

அப்படியானால் பைலட்டுகள் உண்மையில் எதற்குப் பயப்படுகிறார்கள்?

பத்தாவது மாடி ஜன்னலுக்கு எதிரே ஹெலிகாப்டர் அசையாமல் நிற்கும், உள்ளிருந்து ஒருவன் கண்ணாடியைத் துளைத்துச் சுடுவான். அதிகம் பார்த்துச் சலித்த இந்தக் காட்சிக்குத்தான் பயப்படுவார்கள்.

ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் உயரத்தையும் வேகத்தையும் வைத்து வரைந்த ஒரு படம் இருக்கும். அதில் ஒரு பகுதியைக் கோடு போட்டு அடைத்திருப்பார்கள், 'இங்கே இருக்காதே' என்று அர்த்தம். பைலட்டுகள் அதைச் சாவுக் கோடு என்றே சொல்வார்கள். ரகத்துக்கும் எடைக்கும் ஏற்ப மாறினாலும், சின்ன ஹெலிகாப்டருக்கு வேகமே இல்லாத நிலையில் ஏறக்குறைய 10 அடியிலிருந்து 400, 500 அடி வரை அந்தப் பகுதிதான். அங்கே இன்ஜின் நின்றால் முன்னோக்கிய வேகமும் கிடையாது, வேகம் சேர்க்க உயரமும் கிடையாது. பத்தாவது மாடி என்பது சுமார் 100 அடி. மேலே விவரித்த வித்தை எதுவும் அங்கே பலிக்காது.

இன்னொரு பயம், தான் கீழே தள்ளிய காற்றுக்குள் தானே இறங்குவது. முன்வேகம் 30 நாட்டுக்குக் குறைந்து, நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் நேராக இறங்கினால் இறக்கை நுனிகளைச் சுற்றிக் காற்று வளையமாகச் சுழலத் தொடங்கும். வோர்டெக்ஸ் ரிங் என்பது இதுதான். பவர் கூட்டினால் ஏறாது, இன்னும் வேகமாக இறங்கும். மூக்கைத் தாழ்த்தி முன்னாலோ, இல்லை பக்கவாட்டிலோ அந்தக் காற்றைவிட்டு வெளியேறுவதுதான் வழி. மதில்களுக்கு நடுவே முற்றத்தில் இறங்கும்போது வெளியேற இடமிருக்காது.

2011 மே 2 அன்று அபோட்டாபாத்தில் பின்லேடன் வீட்டு வளாகத்துக்குள் இறங்கிய அமெரிக்க பிளாக்ஹாக் ஒன்று இப்படித்தான் கட்டுப்பாட்டை இழந்து மதிலில் வால் மோத விழுந்தது. ஒத்திகைக்காகக் கட்டிய மாதிரி வளாகத்தில் கம்பிவலை வேலி போட்டிருந்தார்கள், காற்று அதன் வழியே போய்விட்டது. நிஜ வளாகத்தில் உயரமான மதில், காற்று உள்ளேயே திரும்பிச் சுழன்றது. பிறகு சொல்லப்பட்ட விளக்கம் இது. உலகத்திலேயே நன்றாகப் பயிற்சி பெற்ற பைலட்டுகளுக்கே இந்த நிலை. சினிமா வில்லனின் டிரைவர் மொட்டைமாடிச் சந்துக்குள் நேராக இறக்குவதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேகம், மழை எல்லாம் படத்தில் சும்மா பின்னணிதானே?

படத்தில் மட்டும்தான். தரை கண்ணுக்குத் தெரியாமல் போனால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று காது சொல்லும் தகவல் சில வினாடிகளில் பொய்யாகிவிடும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே எம்ஐ-17 விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும் பைலட்டுக்குத் திசையுணர்வு தப்பியதே காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை. படமாக இருந்தால் இடி மின்னலோடு ஏதாவது ஒரு சதியையும் சேர்த்திருப்பார்கள். நிஜத்தில் மேகம் ஒன்றே போதும்.

துப்பாக்கியால் டேங்கைச் சுட்டால் வெடிக்குமா?

வெடிக்காது. டர்பைன் ஹெலிகாப்டரில் இருப்பது ஜெட் ஏ-1, கிட்டத்தட்ட மண்ணெண்ணெய். 38 டிகிரிக்குக் கீழே அதிலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழும்பாது. சாதாரணத் தோட்டா ஈயமும் செம்பும்தான், தீப்பொறி தருவது அதன் வேலையில்லை. ஓட்டை விழும், எண்ணெய் ஒழுகும், பைலட் எரிபொருள் முள்ளைப் பார்த்துக்கொண்டே இறங்க இடம் தேடுவார். ராபின்சன் போன்ற பிஸ்டன் வகைகளில் ஊற்றுவது விமானப் பெட்ரோல், அது எளிதில் பற்றும். ஆனால் அங்கேயும் தோட்டா பட்டதும் பந்துபோல் நெருப்பு எழாது. தரையில் மோதி, டேங்க் கிழிந்து, சூடான இன்ஜின்மேல் கொட்டும்போதுதான் தீ.

தோட்டாவுக்கு ஹெலிகாப்டர் அசையாது என்று நினைத்துவிட வேண்டாம். வியட்நாம் போரில் அமெரிக்கா இறக்கிய சுமார் 12,000 ஹெலிகாப்டர்களில் 5,000-க்கு மேல் அழிந்தன. பைலட், ஹைட்ராலிக் குழாய், கியர்பாக்ஸ், வாலுக்குப் போகும் நீளமான தண்டு என்று அடி வாங்கும் இடங்கள் நிறைய. அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் பிளாக்ஹாக். கியர்பாக்ஸில் ஆயில் முழுவதும் வடிந்தாலும் 30 நிமிடம் ஓட வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு நிபந்தனைகளில் ஒன்று. சினிமாவுக்கு இந்த 30 நிமிடம் எவ்வளவு நல்ல கதை! அதை விட்டுவிட்டு நெருப்புப் பந்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வால் விசிறி போனால் சுற்றிக்கொண்டே விழுவதும் பொய்யா?

இதில் சினிமா சொல்வது பெரும்பாலும் சரி. மேல் விசிறியை இன்ஜின் ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவதே வால் விசிறியின் வேலை. அமெரிக்க ரகங்களில் மூக்கு வலப்புறம் திரும்பும். நம் சேத்தக், எம்ஐ-17 போன்ற பிரெஞ்சு, ரஷ்ய வகைகளில் மேல் விசிறி எதிர்த்திசையில் சுற்றுவதால் மூக்கு இடப்புறம் திரும்பும். படங்களில் இது அடிக்கடி தலைகீழாக வரும்.

2018 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் கால்பந்து மைதானத்திலிருந்து கிளம்பிய ஏடபிள்யூ169, வால் விசிறியின் ஒரு பேரிங் இறுகிப்போனதால் சுற்றிக்கொண்டே விழுந்தது. அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அப்போது அது மெதுவாக மேலேறிக்கொண்டிருந்தது, சாவுக் கோட்டு விஷயம் இங்கேயும் வருகிறது. நல்ல வேகத்தில் பறக்கும்போது வால் விசிறி போனால் நிலைமை வேறு. வால் துடுப்பே ஓரளவு நேராகப் பிடித்துக்கொள்ளும், ஓடுபாதையில் விமானம்போல் சறுக்கி இறக்கலாம். நின்ற நிலையில் போனால் இன்ஜினுக்கு எரிபொருள் விடும் த்ராட்டிலை உடனே மூட வேண்டும். இன்ஜின் சுற்றுவது நின்றால் உடலைத் திருப்பும் விசையும் நின்றுவிடும்.

ஏவுகணை துரத்தும்போது கடைசி நொடியில் திரும்பித் தப்பலாமா?

தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் வரும். 3 கிலோமீட்டரைச் சில வினாடிகளில் கடந்துவிடும். பைலட் அதைப் பார்த்து, வசனம் பேசி, திரும்புவதற்கு நேரமே இல்லை. உதவுவது வெப்பத்தைக் காட்டி ஏமாற்றும் ஃப்ளேர்தான். கார்கில் போரில் 1999 மே 28 அன்று டோலோலிங் பகுதியில் நம் எம்ஐ-17 ஒன்று ஸ்டிங்கரால் வீழ்த்தப்பட்டு நால்வர் உயிரிழந்தார்கள். உடன் பறந்தவற்றில் ஃப்ளேர் கருவி இல்லாதது அந்த ஒன்றுதான்.

தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குண்டான ஆர்பிஜி வேறு கதை. அது எதையும் துரத்தாது, சுட்ட திசையில் நேராகப் போகும், 900 மீட்டர் தாண்டியதும் தானே வெடித்துவிடும். ஹெலிகாப்டரை அதனால் வீழ்த்த முடியாது என்று பலர் நினைத்திருந்தார்கள். 1993 அக்டோபர் 3 அன்று சோமாலியாவின் மொகதிஷுவில் இரண்டு பிளாக்ஹாக்குகள் அதனால்தான் விழுந்தன. தாழ்வாக, மெதுவாக, ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்ததுதான் குறிவைக்க வழி கொடுத்தது.

ஓடிவந்து ஏறி, பொத்தானை அழுத்தி, அஞ்சு நொடியில் பறக்க முடியுமா?

பெல் 206-ஐ எடுத்துக்கொள்வோம், சினிமாக்காரர்களுக்குப் பிடித்த ஹெலிகாப்டர். முதலில் இறக்கையை வாலோடு கட்டியிருக்கும் பட்டையை அவிழ்க்க வேண்டும். அவசரத்தில் அதை மறந்து ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு, இறக்கையும் வாலும் சேர்ந்து நாசமாகும். பிறகு பேட்டரி, ஸ்டார்ட்டர். டர்பைன் 12 முதல் 15 சதவீத வேகம் வந்ததும் த்ராட்டிலைத் திறந்து எண்ணெயை விட வேண்டும். அதற்கு முன்பே விட்டால் உள்ளே காற்று போதாமல் வெப்பம் எகிறும். 810 டிகிரியைத் தாண்டினால் 10 வினாடிதான் அனுமதி, 927-ஐத் தொட்டால் இன்ஜினைக் கழற்றிப் பார்க்கும் செலவு. அதனால் பைலட்டின் கண் வெப்பமானியைவிட்டு அகலாது. 25 சதவீதம் வருவதற்குள் மேல் விசிறி சுற்றத் தொடங்கியிருக்க வேண்டும். 58 சதவீதத்தில் ஸ்டார்ட்டரை விட வேண்டும், பிறகு ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட வேண்டும். எல்லாம் அறிந்த கை, எந்தச் சோதனையும் செய்யாமல் கிளப்பினால்கூட இரண்டு நிமிடம்.

ராபின்சன் ஆர்44 பிஸ்டன் வகை, அதில் இன்ஜின் காரைப்போல் உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் இன்ஜினையும் விசிறியையும் இணைப்பது ரப்பர் பெல்ட்டுகள். கிளட்ச் சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்ன மோட்டார் அவற்றை மெல்ல இறுக்கும். விளக்கு அணையும்வரை ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருந்தே ஆக வேண்டும். துரத்தி வருபவன் நடந்து வந்தால்கூடப் பிடித்துவிடலாம்.

பைலட் செத்துவிட்டால் கதாநாயகன் உட்கார்ந்து ஓட்டலாமா?

நேராகப் பறந்துகொண்டிருக்கும்போது கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கலாம். நிறுத்த முடியாது. வலது கையில் சைக்ளிக் என்ற நடுக்குச்சி, சாய்வதற்கு. இடது கையில் கலெக்டிவ், ஏற இறங்க. கால்களில் பெடல், மூக்கைத் திருப்ப. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிசெய்ய வேண்டும். அந்தரத்தில் ஓரிடத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்ளவே பெரும்பாலானோருக்கு 5 முதல் 10 மணி நேரப் பயிற்சி பிடிக்கிறது. அமெரிக்காவில் தனியார் உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 40 மணி நேரம்.

பார்ப்பவர்கள் கவனிக்க ஒரு குறிப்பு: மேலே ஏறுவதற்கு நடிகர் நடுக்குச்சியைத் தன் வயிற்றை நோக்கி இழுத்தால் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று பொருள். ஏற்றுவது இடது கை. இன்னொன்று, பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் பைலட் உட்காருவது வலப்பக்கம்.

கதாநாயகன் தொங்கிக்கொண்டு போவது?

கை வலிமையைப் பிறகு பார்ப்போம், முதலில் எடை. ஆர்44 முழுச் சுமையில் 1,100 கிலோ சொச்சம். நடுவிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று வெளியே இருக்கும் ஸ்கிட்டில் (அடியில் கால்போல் இருக்கும் குழாய்) 80 கிலோ ஆள் திடீரென்று தொங்கினால் மொத்த எடையின் நடுப்புள்ளி 7, 8 செ.மீ. பக்கவாட்டில் நகரும். இந்த அளவு ஹெலிகாப்டருக்குப் பக்கவாட்டில் அனுமதிப்பதே விரற்கடைக் கணக்கில்தான். இதில் மோசமான தருணம், ஹெலிகாப்டர் தரையைவிட்டு எழும்பும் நேரம். ஒரு ஸ்கிட்டை யாராவது பிடித்து இழுத்தாலோ, அது கயிற்றில், சேற்றில் சிக்கினாலோ, அதையே அச்சாக வைத்து ஹெலிகாப்டர் பக்கவாட்டில் புரளும். சில டிகிரி சாய்ந்ததும் குச்சியைத் தள்ளிச் சமாளிக்க முடியாது. கலெக்டிவை இறக்குவதுதான் ஒரே வழி. 'தூக்கு, தூக்கு' என்று வில்லன் கத்துகிறானே, அதைச் செய்தால் இறக்கை தரையை வெட்டும்.

கை விஷயத்துக்கு வந்தால், பயிற்சி இல்லாதவர் ஒரு கம்பியில் தொங்கக்கூடியது ஒரு நிமிடம் சொச்சம். அதுவும் காற்று அடிக்காத உடற்பயிற்சிக் கூடத்தில்.

வெளியே ஒட்டிக்கொண்டு போவது நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. 2007 ஜனவரியில் ஆஃப்கானிஸ்தானின் ஜுக்ரூம் கோட்டையில், விட்டுவந்த சகவீரரை மீட்க, நான்கு பிரிட்டிஷ் வீரர்கள் இரண்டு அப்பாச்சி ஹெலிகாப்டர்களின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து போனார்கள். தொங்கவில்லை. பட்டை போட்டுக் கட்டிக்கொண்டார்கள், இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்தது.

ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீரில் குதித்தால் அடிபடாதுதானே?

3 மீட்டரிலிருந்து குதித்தால் நீரைத் தொடும் வேகம் மணிக்கு 28 கி.மீ. 10 மீட்டரில் 50. 30 மீட்டரில் 87. ராணுவத்தில் இப்படி வீரர்களை நீரில் இறக்குவதற்குப் பழகிய அளவு 10 அடி உயரம், 10 நாட் வேகம். அதுவும் நீச்சல் உடையும் காலில் துடுப்பும் போட்டவர்களுக்கு.

2016 நவம்பர் 7 அன்று பெங்களூரு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் ஒரு கன்னடப் படத்தின் உச்சக்கட்டக் காட்சிக்காக மூன்று நடிகர்கள் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார்கள். கதாநாயகன் மீட்கப்பட்டார். வில்லன்களாக நடித்த இருவரும் மூழ்கி இறந்தார்கள். அவர்களுக்கு மிதவைச் சட்டை இல்லை. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சுரங்கத்துக்குள், பாலத்துக்கு அடியில் பறக்க முடியுமா?

அடியில் முடியும், சுரங்கத்துக்குள் முடியாது. இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கத்துக்குள் ரயிலைத் துரத்தி ஹெலிகாப்டர் நுழையும் காட்சி புகழ்பெற்றது. ரயில் ஓடும் அந்தக் குழாயின் உள்விட்டம் 7.6 மீட்டர். நான்கு பேர் போகும் ஹெலிகாப்டரின் விசிறி 10 மீட்டர். இருவர் மட்டுமே உட்காரும் ஆர்22-க்கே 7.67 மீட்டர். சுவரை 7 செ.மீ. செதுக்கினால்தான் நுழையவே முடியும்!

1991-இல் வந்த 'டெர்மினேட்டர் 2' படத்தில் பாலத்துக்கடியில் ஹெலிகாப்டர் பறப்பது கணினி வேலையில்லை, ஸ்டண்ட் பைலட் நிஜமாகவே பறந்தார். ஒளிப்பதிவுக் குழு அதைப் படம்பிடிக்க மறுத்ததால் இயக்குநரே கேமராவைப் பிடித்தார். நிஜம் என்பதற்காகப் பாராட்டலாம், ஆனால் மறுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

விசிறியால் மரத்தை, மின்கம்பத்தை, ஆளை வெட்டிக்கொண்டு போகலாமா?

பெல் 206-இன் விசிறி நிமிடத்துக்கு 394 சுற்று, விட்டம் 10.16 மீட்டர். இறக்கை நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 755 கி.மீ. இந்த வேகத்தைக் கேட்டுவிட்டுத்தான் வாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இறக்கை என்பது மெல்லிய அலுமினியத் தகடும் தேன்கூடு போன்ற உள்ளறையும். ஒரு இறக்கையின் நுனியில் கொஞ்சம் எடை கூடினால்கூட உடல் முழுக்க அதிரும் என்று மெக்கானிக்குகள் கிராம் கணக்கில் சமன்செய்யும் பொருள் அது. ஒரு இறக்கையில் கையளவு பிய்ந்துபோனாலே சமநிலை தவறி, கியர்பாக்ஸைத் தாங்கும் பிடிகளையே பிடுங்கிவிடும் அளவுக்கு உதறும். வெட்டப்படுகிற மரம் பிழைத்துக்கொள்ளும்.

தலைகீழாகச் சுற்ற முடியுமா?

சிலவற்றால் முடியும். பிஓ105, லிங்க்ஸ் போன்றவற்றில் இறக்கைகள் விறைப்பாகப் பொருத்தப்பட்டிருக்கும், விமானக் காட்சிகளில் சுழன்றே காட்டியிருக்கிறார்கள். படங்களில் அதிகம் வரும் இரண்டு இறக்கை பெல், ராபின்சன் வகைகளில் விசிறி சீசாப் பலகைபோல் தண்டின் உச்சியில் ஆடிக்கொண்டிருக்கும். மேடு தாண்டியதும் மூக்கை வேகமாகத் தாழ்த்தினால் உடம்பு இருக்கையைவிட்டு மிதக்கிற உணர்வு வருமல்லவா, அந்த நொடியில் விசிறிக்குப் பாரமில்லை. வால் விசிறி உடலைப் பக்கவாட்டில் உருட்டத் தொடங்கும். பைலட் பதறிக் குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளினால் விசிறியின் நடுமூட்டு தண்டில் இடித்து அதை ஒடித்துவிடும். சரியான செயல், குச்சியை மெதுவாகப் பின்னிழுத்து முதலில் பாரத்தை விசிறிக்குத் திருப்பித் தருவது. மலைச்சரிவைத் தழுவி விருட்டென்று இறங்கும் காட்சியில் யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

காரை அப்படியே தூக்கிக்கொண்டு பறப்பது?

பெல் 206-இன் கொக்கி தாங்குவது 680 கிலோ. மாருதி ஆல்ட்டோ சுமார் 750. எச்125 வகைக்கு 1,400 கிலோ வரை முடியும், எம்ஐ-17-க்கு 4 டன் அளவில். ஆக ஹெலிகாப்டரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் தூக்கலாம். தூக்கிய பிறகுதான் தலைவலி. பெட்டி மாதிரி இருக்கும் எதுவும் காற்றில் ஊசலாடத் தொடங்கும், அந்த ஆட்டம் ஹெலிகாப்டரையே இழுத்து ஆட்டும். 2024 ஆகஸ்ட் 31 அன்று கேதார்நாத் அருகே பழுதான ஒரு சின்ன ஹெலிகாப்டரை எம்ஐ-17 கயிற்றில் கட்டித் தூக்கிப் போனது. சுமை ஆடத் தொடங்கியதும் பைலட் ஆளில்லாத பள்ளத்தாக்காகப் பார்த்து அதை விட்டுவிட்டார். பார்த்தவர்களுக்குச் சினிமாக் காட்சிபோல் இருந்திருக்கும். செய்தது, புத்தகத்தில் சொன்னபடியான சரியான முடிவு.

சத்தமில்லாமல் வந்து பின்னால் நிற்பது, உள்ளே குசுகுசுவென்று பேசுவது?

இரண்டும் நடக்காது. உள்ளே காதுக்கருவி இல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். வெளியே, சமவெளியில் ஒரு ஹெலிகாப்டர் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். சத்தத்தைக் குறைத்த ஒன்று இருந்தது. 1972 டிசம்பரில் சிஐஏ வடக்கு வியட்நாமில் தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்க அனுப்பிய ஹியூஸ் 500பி. கூடுதல் இறக்கைகள், குறைந்த சுழற்சி, மூடிய புகைபோக்கி. அதுவும் சத்தத்தைக் குறைத்ததே தவிர ஒழிக்கவில்லை.

எந்த ஹெலிகாப்டரைக் காட்டினாலும் 'தப் தப் தப்' என்று ஒரே சத்தம் போடுவது இன்னொரு சோம்பேறித்தனம். அது வியட்நாம் காலத்து ஹியூயியின் இரண்டு அகலமான இறக்கைகள் போடும் சத்தம். ஐந்து இறக்கை எம்ஐ-17 அப்படி ஒலிக்காது.

ஹெலிகாப்டர் மேலே நிற்கும்போது காதலர்களின் தலைமுடி மட்டும் இலேசாக ஆடுகிறதே?

ஆர்44 கீழே தள்ளும் காற்று மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டும். எம்ஐ-17 தள்ளுவது 90-ஐ நெருங்கும். வானிலை மையம் 'தீவிரப் புயல்' என்று பெயர் வைப்பது 89-இல் தொடங்குகிறது. மண், சருகு, தகரம், தலைப்பா எல்லாம் பறக்கும். பறப்பது வால் விசிறிக்குள் போனால் மேலே சொன்ன கதைதான்.

சில காட்சிகளில் விசிறி நின்றுபோய்விட்டதுபோல் தெரிகிறதே?

கேமரா நொடிக்கு 24 படம் எடுக்கிறது. நான்கு இறக்கைகள் நிமிடத்துக்கு 360 சுற்று சுற்றினால் நொடிக்குச் சரியாக 24 முறை ஒரு இறக்கை அதே இடத்துக்கு வரும். ஒவ்வொரு படத்திலும் இறக்கை ஒரே இடத்தில் இருப்பதால் நின்றதுபோல் தெரியும். இது தவறில்லை, நிஜமாக எடுத்த காட்சி என்பதற்கே அடையாளம். கணினியில் செய்த மலிவான ஹெலிகாப்டரில்தான் இறக்கை கத்திபோல் கூர்மையாகவும், சுற்றுவது சீராகவும் தெரியும்.

ஜெயிலிலிருந்து ஹெலிகாப்டரில் தப்புவது சுத்த ரீல்தானே?

இல்லை, பிரான்ஸில் இது ஒரு வழக்கம் என்றே சொல்லலாம். 2018 ஜூலை 1 அன்று ரெடுவான் ஃபயீத் என்ற கொள்ளைக்காரர் பாரீஸ் அருகே ரெயோ சிறையிலிருந்து இப்படித் தப்பினார். கூட்டாளிகள் ஒரு பறக்கும் பயிற்சியாளரைத் துப்பாக்கி முனையில் பிடித்து, அவரையே ஓட்ட வைத்தார்கள். இறங்கிய முற்றத்துக்கு மேல் தடுப்புக் கம்பி இல்லை. மற்ற முற்றங்களில் கம்பி கட்டியிருப்பதே இந்தப் பழக்கத்தால்தான். கவனிக்க வேண்டியது, அவர்களில் யாரும் தானே ஓட்டப் பார்க்கவில்லை.

ஹெலிகாப்டரை நோக்கிக் குனிந்து ஓட வேண்டுமா? படப்பிடிப்பில் துணை நடிகராகப் போகிறவர்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

குனிவது சரி. முழு வேகத்தில் சுற்றும்போது இறக்கை உயரமாகத்தான் இருக்கும். வேகம் குறையும்போது தொய்ந்து, காற்று வீசினால் இன்னும் கீழே வரும், ஆபத்து அப்போதுதான். பைலட் கண்ணில் படும்படி முன்பக்கத்திலிருந்து மட்டும், அவர் கையசைத்த பிறகு நெருங்குங்கள். சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கமிருந்து வரவே கூடாது, அந்தப் பக்கம் இறக்கைக்கும் தலைக்கும் இடைவெளி குறைவு. தொப்பி, துண்டு, குடை எதுவும் கையில் வேண்டாம். கம்பு, ஸ்டாண்ட் போன்றவற்றைத் தோளில் வைக்காமல் இடுப்பளவில் படுக்கையாகப் பிடியுங்கள். வால் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம். சுற்றும் வால் விசிறி கண்ணுக்கே தெரியாது.

வெடி வைக்கும் காட்சியென்றால், வெடி எங்கே, எப்போது, ஹெலிகாப்டர் எவ்வளவு உயரத்தில் என்று பைலட்டும் வெடிக்காரரும் நேருக்கு நேர் பேசி முடித்தார்களா என்று கேளுங்கள். 1982 ஜூலை 23 அதிகாலை கலிஃபோர்னியாவில் ஒரு ஹாலிவுட் படப்பிடிப்பில், தாழப் பறந்த ஹியூயியின் வால் விசிறியை வெடியின் வெப்பமும் சிதறலும் சிதைத்தன. ஹெலிகாப்டர் சுழன்று, கீழே ஆற்றில் நடித்துக்கொண்டிருந்த நடிகர் ஒருவர்மீதும் இரண்டு குழந்தைகள்மீதும் விழுந்தது. மூவரும் அங்கேயே இறந்தார்கள். ஹெலிகாப்டருக்குள் இருந்த ஆறு பேரும் சிறு காயங்களோடு தப்பினார்கள். ஹெலிகாப்டருக்கு நேர் கீழே நிற்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அன்றைய சம்பளம் போனாலும் பரவாயில்லை.